கழித்த கை

நேயர்களுக்கு வணக்கம். வேலைத்தலங்களில் தொழிலாளரை நடத்தும் விதம் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் தொழிற்சங்கக்காரன் இல்லை. திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹொட்டேலில் சம்பளக் கணக்கு எழுதியவன். சம்பளத்தில் கழிவு போட்ட கை என்னுடையது. அதனால்தான் வந்தேன்.

திருகோணமலைக் கடற்கரையில் ஏப்ரல், மே தொடங்கி செப்டெம்பர் வரை சீசன். வாடைக்காற்று எழும்பினால் கடல் கொந்தளிக்கும், வெள்ளைக்காரர் தெற்குக்குப் போய்விடுவார்கள். எங்கள் முதலாளி நவம்பரில் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவார். ஏப்ரலில் அதே ஆட்களைப் புதுத் திகதி போட்டு எடுப்பார். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடையைக் கேட்க ஐந்து வருடச் சேவை வேண்டும். பத்து வருடம் வேலை செய்தவருக்கும் என் பேரேட்டில் ஒரு வருடம்கூட நிரம்பாது. நியமனக் கடிதம் யாருக்கும் இல்லை.

சலவைப் பகுதி சமையலறைக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே. பக்கத்திலேயே ஜெனரேட்டர். துவாய்களுக்குப் போடும் பிளீச் பட்டு அங்கிருந்த பெண்களின் விரல் நுனிகள் வெளிறி, தோல் உரிந்திருக்கும். கையுறை வாங்கித் தரச் சொல்லி ஒருமுறை கேட்டேன். "அவங்களுக்குப் பழகிட்டுது" என்றார் மனேஜர். பழகியது அவருக்குத்தான்.

சரி, தொழிலாளியின் பிற்காலத்துக்கென்று சேரும் ஊழியர் சேமலாப நிதிக்கு வருவோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியிடம் 8 வீதம் கழிக்கலாம். முதலாளி தன் பங்காக 12 வீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி என்ற இன்னொரு நிதிக்கு மேலும் 3 வீதம், அதுவும் முதலாளியின் காசு. சம்பளம் 40,000 என்றால் கையிலிருந்து போவது 3,200. இரண்டு நிதிக்கும் சேர்த்து முதலாளி போடவேண்டியது 6,000. தற்காலிகம், சீசன் வேலை என்ற சாட்டு இங்கே செல்லாது. முதல் நாளிலிருந்தே உரித்து. பிந்திக் கட்டினால் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு.

நான் 8 வீதத்தை ஒழுங்காகக் கழித்தேன். சம்பளச் சிட்டையிலும் எழுதினேன். காசோலை எழுதும் நாளில் மட்டும் முதலாளி, "அடுத்த மாதம் பார்ப்போம்" என்பார். நான் பேரேட்டை மூடிவிடுவேன். எனக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள். இதைச் சாட்டாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

வேலையை விட்டுச் சில வருடங்களுக்குப் பிறகு, சாம்பல்தீவில் இருந்து சலவைக்கு வந்த அக்கா ஒருவர் என் வீட்டு வாசலில் நின்றார். பெண்கள் 50 வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம். எடுக்கப் போனவரின் கணக்கில் இருந்தது சில மாதக் காசுதான். ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே நான் எழுதிய சிட்டைகள், ஒன்றுவிடாமல், றப்பர் வளையம் போட்டு.

"தம்பி, மாசம் மாசம் வெட்டினீங்கள்தானே. அந்தக் காசு எங்கே?"

அடுத்த நாள் காலை இருவரும் தொழில் அலுவலகத்துக்குப் போனோம். அலுவலர் சிட்டைகளை மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு, இது யாருடைய கையெழுத்து என்று கேட்டார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. "என்னுடையது" என்றேன்.