பெயிண்ட் கடைசியில்தான்

வணக்கம். பழைய பைக் ஒன்றை வாங்கி, பிரித்து, நம் ரசனைக்கு ஏற்ற மாதிரி திரும்பக் கட்டுவது, அதுவும் கையில் அதிகம் காசு இல்லாமல் கட்டுவது எப்படி என்று பேசச் சொல்லி வானொலி நிலையத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கோயம்புத்தூர் கணபதி பக்கம் லேத் பட்டறை நடத்துகிறவன். மெக்கானிக் இல்லை. ஆனால் பிரித்துப் போட்ட வண்டியின் சிலிண்டரையும், பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக்குகிற கிராங்கையும் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருகிற காலேஜ் பையன்கள், வேலைக்குப் போகிற பையன்கள், இப்போது சில பெண்களும், எல்லோரும் கடைசியில் என் மாதிரிப் பட்டறைக்குத்தான் வந்தாக வேண்டும். அதனால் எங்கே காசு வீணாகிறது என்று கொஞ்சம் தெரியும்.

முதலில் எந்த வண்டி? பத்துப் பேரைக் கேட்டால் பாதிப் பேர் யமஹா ஆர்எக்ஸ் 100 என்பார்கள். நியாயம்தான். 98 சிசி, 11 குதிரைத்திறன், வண்டி எடை நூறு கிலோ பக்கம். ஆக்சிலேட்டரைத் திருகினால் எப்படிக் கிளம்பும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஆனால் 1996ல் அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. இருக்கிற வண்டிகளுக்கு ஆசை விலை வந்துவிட்டது, நல்லபடியாகக் கட்டிய ஒன்றுக்கு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள், அசல் பாகம் என்று சொல்லி விற்பதில் எது அசல் எது நகல் என்று பிரித்துப் பார்க்கவே தனி அனுபவம் வேண்டும். பட்ஜெட் குறைவு என்று சொல்லிக்கொண்டே ஆர்எக்ஸ் தேடுபவரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: தம்பி, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊருக்கு ஜப்பான் கூட்டில் நூறு சிசி வண்டிகள் வந்ததே ஒரு மூன்று வருட இடைவெளிக்குள்தான். 1984ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, 1985ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருடம் எஸ்கார்ட்ஸ் செய்த ஆர்எக்ஸ் 100, 1986ல் பஜாஜின் கவாசாகி கேபி 100. இதில் மூன்று டூ ஸ்ட்ரோக், அதாவது பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிகிற ரகம், ஹோண்டா மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக். வேகத்தில் அப்போது அதை யாரும் மதிக்கவில்லை, ஆனால் அந்த ஹோண்டா வழியில் 1994ல் வந்த ஸ்பிளெண்டர்தான் இன்றைக்கும் புதிதாக விற்கிறது. பேஷன், சிடி டான் எல்லாமே அதே 97.2 சிசி குடும்பம். அதற்குப் பிஸ்டன் செட் வேண்டுமென்றால் தாலுகா தலைநகரில் இருக்கிற சின்ன ஸ்பேர் பார்ட்ஸ் கடையில்கூடக் கிடைக்கும். கிளட்ச் பிளேட், கேபிள், கேஸ்கட் எதற்கும் ஆன்லைனில் ஏலம் கேட்க வேண்டாம். கட்டி முடித்தால் ஊரே திரும்பிப் பார்க்காது, உண்மைதான். ஆனால் கட்டி முடிப்பீர்கள். பாதியில் நின்று சாக்குப் போர்த்திக் கிடக்கிற ஆர்எக்ஸ்கள் எனக்குத் தெரிந்தே நிறைய இருக்கின்றன.

கையில் 30,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு 12,000க்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரு 5,000 ரூபாயைத் தனியே எடுத்து வைத்து, அது இருப்பதையே மறந்துவிடுங்கள், ஏனென்றால் பிரித்த பிறகு அது கட்டாயம் தேவைப்படும். மிச்சம்தான் உங்கள் பட்ஜெட்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது என்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் ஆர்சி என்கிற பதிவுச் சான்றைக் கேளுங்கள். பதிவு 15 வருடத்துக்குத்தான், அதற்கப்புறம் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. புதுப்பிக்காமல் விட்ட வண்டியா, பழைய ஃபைனான்ஸ் கடன் ஆர்சியில் இன்னும் நிற்கிறதா, அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதைப் அரசின் பரிவாகன் இணையத் தளத்தில் நம்பர் போட்டுப் பார்த்துவிடலாம். கடனை என்றைக்கோ அடைத்துவிட்டேன் என்று விற்பவர் சொல்லுவார். ஃபைனான்ஸ் கம்பெனி கையெழுத்துப் போட்ட படிவம் 35 கையில் இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கு மதிப்பு, சில கம்பெனிகள் மூடியே போயிருக்கும். அப்புறம் ஹேண்டில்பார் கழுத்துப் பக்கம் அடித்திருக்கிற சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் ஆர்சியோடு எழுத்தெழுத்தாகப் பொருத்திப் பாருங்கள். ஒரு எழுத்து தேய்ந்து சந்தேகமாக இருந்தாலும் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வந்துவிடுங்கள். காகிதம் இல்லாத வண்டி காயலான் கடைக்குத்தான்.

சரி, வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். ஓடுகிற நிலையில் இருந்தால் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து அது என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். காலையில் முதல் உதையில் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல், அது சின்னச் செலவு. ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க நீலப் புகை தொடர்ந்து வருகிறது, ஆயிலும் குறைகிறது என்றால் பிஸ்டன் ரிங் அல்லது போர், அதாவது சிலிண்டரின் உள்துளை, தேய்ந்திருக்கிறது. கறுப்புப் புகை வந்தால் என்ஜினைத் தொடவே வேண்டாம், முதலில் ஏர் ஃபில்டரையும் கார்புரேட்டரையும் பாருங்கள். நல்ல என்ஜினைச் சும்மா ஆசைக்காகப் பிரிப்பதைப் போலப் பணத்தைக் கரைக்கிற வேலை வேறு இல்லை. பிரித்தால் கேஸ்கட், சீல் எல்லாம் புதிதாகப் போட்டாக வேண்டும், அதற்கு மேல் எது கழன்று எங்கே போனது என்ற தேடல் வேறு.

பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் மொபைலில் படம் எடுங்கள், போல்ட்டுகளை அந்தந்தப் பாகத்தோடு கவரில் போட்டு எழுதி வையுங்கள். இதை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது சிலிண்டரைப் பற்றி. ஸ்பிளெண்டரின் போர் 50 மில்லிமீட்டர். தேய்ந்துவிட்டால் கால் மில்லி, அரை மில்லி, முக்கால், ஒரு மில்லி என்று அடுத்தடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் இருக்கிறது, அந்த அளவுக்குச் சிலிண்டரைக் கடைந்து கொடுப்போம். தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. மேல் ரிங் வந்து திரும்புகிற இடத்தில்தான் அதிகம், கீழே போகப் போகக் குறையும், அதனால் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், முன் பின்னாக ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை அளக்க வேண்டும். அளக்காமல் கண்ணால் பார்த்தே ஒரு மில்லி போடலாம் என்று சொல்கிற பட்டறையில் சிலிண்டரைக் கொடுக்காதீர்கள். கால் மில்லியில் சரியாகிற சிலிண்டரை ஒரேயடியாக ஒரு மில்லி கடைந்துவிட்டால் அடுத்து வரவிருந்த மூன்று வாய்ப்புகளும் போச்சு.

இன்னொன்று, பிஸ்டனை வாங்கிக் கையில் கொண்டு வாருங்கள். அரை மில்லி போர் போட்டு வையுங்கண்ணா, பிஸ்டன் அப்புறம் வாங்கிக்கிறேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே நாங்கள் விடுகிற இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான், பெட்டியில் எழுதியிருக்கிற அளவை நம்பிக் கடைய முடியாது, அந்தப் பிஸ்டனையே மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்துத்தான் கடைய வேண்டும். கிராங்கில் பெரிய பேரிங் ஆடுகிறதென்றால் அதையும் பிரஸ்ஸில் பிரித்து, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற ராட் கிட் புதிதாகப் போட்டு, டயல் கேஜ் என்கிற அளவுமானி வைத்து ஆட்டம் எடுத்துக் கொடுப்போம். வேலையில் இதுதான் நுணுக்கம், கூலியில் பேரம் பேச வேண்டிய இடமும் இது இல்லை. (என் தொழில் என்பதற்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.)

டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் என்ஜினில் கிராங்க் இருக்கிற அறையே காற்றுப் புகாமல் அடைபட்டிருக்க வேண்டும், அதனால் இரண்டு பக்க ஆயில் சீலும் உயிர்நாடி. மேக்னெட், அதாவது என்ஜின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்குகிற பாகம், இருக்கிற பக்கச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே போய், பெட்ரோல் பங்கு குறைந்து, என்ஜின் சூடாகிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளையாகப் புகையும். புதுப் பிஸ்டன் போட்டும் மறுபடி பிடிக்கிறதே என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது சீல் மாற்றினீர்களா என்றுதான். சைலன்சரையும் அறுக்காதீர்கள். அந்த வயிறு பருத்த வடிவம் அழகுக்கு இல்லை, வெளியே போகிற பெட்ரோல் கலவையை அலையாகத் திருப்பி உள்ளே தள்ளுகிற வேலை அதற்கு இருக்கிறது. அறுத்தால் சத்தம் கூடும், இழுவை போகும். உள்ளே படிந்த கரியைச் சுத்தம் பண்ணினாலே போதும்.

பழைய பாகம் வாங்குவது பற்றி. சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை, எங்களுக்கு உக்கடம். கழற்றிய பாகத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஹெட்லைட் கூடு, மட்கார்டு, ஹப், சிலிண்டர் ஹெட், ஹேண்டில்பார் இதெல்லாம் பழையதில் தாராளமாக வாங்கலாம். டயர், பிரேக் ஷூ, பேரிங், ஆயில் சீல், செயின் இதையெல்லாம் பழையதில் வாங்கவே கூடாது. நம்பர் ராவிய என்ஜின் பாதி விலைக்குக் கிடைக்கிறதென்றால் அது யாரோ ஒருவர் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்த வண்டியாக இருக்கலாம், கிட்டவே போகாதீர்கள். எதை வாங்கினாலும் துண்டுச் சீட்டிலாவது பில் கேளுங்கள்.

என்ஜின் முடிந்ததும் பிரேக், வீல் பேரிங், ஹேண்டில்பார் திரும்புகிற கோன் செட், பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மின் புஷ் எல்லாம் பாருங்கள். ரிம்மைக் கோட்டம் எடுக்க நல்ல கை உள்ள பழைய சைக்கிள் கடைக்காரரே போதும். ஸ்பிளெண்டருக்கு முன்னும் பின்னும் 2.75-18 டயர். பின்னால் தடியாகப் போட ஆசை வரும், ஆனால் ஏழரைக் குதிரைத்திறன் சொச்சம் உள்ள என்ஜின் அதை இழுத்துக்கொண்டே களைத்துவிடும், மைலேஜும் போகும்.

இனி நான் சொல்லப்போவதுதான் பையன்களுக்குப் பிடிக்காது. எல்லாம் மாட்டிய பிறகு, பெயிண்ட் அடிக்காமல், துருவும், நெளிவை நிரப்பப் பூசுகிற பட்டியுமாக அசிங்கமாகவே வண்டியை ஒரு ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். புது பிஸ்டன் சிலிண்டரோடு பழகுகிற ரன்னிங் இன் ஓட்டம் எப்படியும் வேண்டும், அடித்து ஓட்டாமல், ஒரே வேகத்திலும் வைக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டி, முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுங்கள். அதில் மினுமினுவென்று உலோகத் தூள் வரும். இந்த ஓட்டத்தில்தான் எங்கே ஒழுகுகிறது, எது ஆடுகிறது என்று தெரியும். மறுபடி கழற்றி மாட்டுவீர்கள், ஸ்பேனர் வழுக்கும், டேங்க்கில் கீறும். பளபளவென்று பெயிண்ட் அடித்த வண்டியில் அந்தக் கீறல் விழுந்தால் பெயிண்டர் கூலி இன்னொரு தடவை.

ஓட்டிப் பார்த்தாயிற்று, இனி அழகு. இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு கை வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்து ஆர்சியில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று போட்டிருக்கிறார்கள். ஆகவே சேசிஸை அறுத்துப் பின்பக்கத்தைக் குட்டையாக்குவது, வேறு என்ஜின் ஏற்றுவது இதெல்லாம் காசும் போய் வண்டியும் போகிற வேலை. இரண்டு பேர் சீட்டை ஒற்றை ஆள் சீட்டாக்கினால்கூட ஆர்சியில் இருக்கிற இருக்கை எண்ணிக்கைக்கு மாறாகப் போகும். முதலில் கழற்றி எறிகிற சேலை கார்டும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதியில் வருவது, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடியிருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. வீட்டில் சேலையோ துப்பட்டாவோ போட்டு யாராவது பின்னால் உட்கார்வார்கள் என்றால் விதியே இல்லாவிட்டாலும் அது இருக்கட்டும்.

அப்படியானால் என்னதான் செய்யலாம்? நிறையச் செய்யலாம். சீட்டின் நீளத்தை மாற்றாமல் ஃபோமை மட்டும் தட்டையாகச் சீவி நல்ல ரெக்சின் போட்டுத் தைத்தால் வண்டியின் கோடே மாறிவிடும். தாழ்வான தட்டை ஹேண்டில்பார் போட்டால் இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள், கை டேங்க்கில் இடிக்கக் கூடாது, கேபிள் இழுபட்டு ஆக்சிலேட்டர் தானாக ஏறக் கூடாது. அலுமினியக் கவர்களைப் பஃபிங் போட்டால் அதுவே பாதி அழகு, கையால் வாட்டர் பேப்பர் பிடித்தால் கூலியும் மிச்சம்.

எல்இடி ஹெட்லைட் ஆசை உள்ளவர்களுக்கு: பழைய ஸ்பிளெண்டரில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரிவதில்லை, மேக்னெட்டிலிருந்து வருகிற ஏசி மின்சாரத்தில் நேராக எரிகிறது, அதனால்தான் வண்டி நின்று என்ஜின் மெதுவாக ஓடும்போது மங்குகிறது. அதில் நேரே எல்இடி மாட்டினால் மினுக்கும், சீக்கிரம் போகும். மேக்னெட்டுக்குள் இருக்கிற ஸ்டேட்டர் காயிலின் எர்த்தைப் பிரித்து, ஏசியை முழுசாக டிசி மின்சாரமாக்குகிற ஃபுல் வேவ் ரெகுலேட்டர் போட்டு பேட்டரி வழியாகக் கொடுக்க வேண்டும். விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

கடைசியாகப் பெயிண்ட். டேங்க்கின் உள்ளே துரு இருந்தால் அதை முதலில் எடுங்கள், இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும், வண்டியைச் சும்மா நிறுத்தி வைத்தால் துரு மறுபடி கிளம்பும். சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங் நல்லது, ஆனால் அதை 200 டிகிரி பக்கம் அடுப்பில் சுடுவார்கள், புஷ், பேரிங் கப் எல்லாம் கழற்றிக் கொடுங்கள், சேசிஸ் நம்பர் மேல் டேப் ஒட்டச் சொல்லுங்கள். ஆர்டிஓ ஆபீஸில் அந்த நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுக்கச் சொன்னால் காகிதத்தில் தெளிவாக விழ வேண்டும். பட்டி போட்டு நெளிவு எடுத்த டேங்க்கைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்காதீர்கள், சூட்டில் பட்டி பெயர்ந்துவிடும், அதற்குச் சாதாரண ஸ்பிரே பெயிண்ட்தான். நிறத்தை மாற்றினால் ஆர்சியிலும் மாற்றிப் பதிய வேண்டும், அதற்குக் கட்டணம், அலைச்சல் எல்லாம் உண்டு. அதனால் பணம் இறுக்கமாக இருப்பவர்கள் ஆர்சியில் என்ன நிறம் இருக்கிறதோ அதையே அடித்துவிடுங்கள். பாதி ஸ்பிளெண்டர் கறுப்பாகத்தான் இருக்கும், கறுப்பு பெயிண்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

கேட்டதற்கு நன்றி. வணக்கம்.