கைப்பழக்கமும் நாப்பழக்கமும்

தலைவர் அவர்களே, டர்பன் இந்தியத் தூதரக அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் விருந்தினர் அவர்களே, கோயில் தர்மகர்த்தாக்களே, சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வேன் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். போன தடவை மகளிர் குழுத் தலைவியை மறந்துவிட்டேன். ஆறு மாதம் அவர் வீட்டு ஊறுகாய் எனக்கு வரவில்லை. அம்மா, முதல் வணக்கம் உங்களுக்கு.

கம்பெனிகளில் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவில் 31 வருடம் இருந்தேன். மூன்று விஷயம் சொல்லப் போகிறேன்: கம்பெனி ஏன் பயிற்சிக்குச் செலவழிக்கிறது, திறமையான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது, கற்றது எப்படிக் கைக்கு வருகிறது.

முதலாவது சுலபம். இங்கே தென்னாப்பிரிக்காவில் 1998இல் திறன் மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் வந்த சட்டத்தின்படி, கம்பெனி கொடுக்கும் சம்பளத்தில் 100 ராண்டுக்கு 1 ராண்டு அரசாங்கத்துக்குப் போகிறது. ஏப்ரல் 30க்குள் பயிற்சித் திட்டமும் அறிக்கையும் கொடுத்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வரும். அதனால் ஏப்ரலில் முதலாளிகளுக்குக் கல்வியின் மேல் திடீர்ப் பாசம் பொங்கும்.

மற்ற இரண்டுக்கும் ஒரே கதை போதும். 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்பார்கள். இது எனக்குப் புரிந்தது ஒரு சர்க்கரை ஆலையில். வடக்குக் கடற்கரையில் இருந்தது, பெயர் வேண்டாம். அங்கே பான் என்னும் பெரிய கொப்பரையில் பாகு காய்ச்சும் ஒரு பெரியவர். 1860இல் இந்தியக் கூலிகளை முதன்முதலில் இங்கே கொண்டுவந்த ட்ரூரோ கப்பல் வந்ததே, அதற்குப் பின்னால் கப்பலேறி வந்த ஒரு கூலியின் பேரன். பாகைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து விளக்குக்கு நேரே பிடிப்பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இழுத்துப் பார்ப்பார். கம்பிப் பதம் பார்க்கிற தாய்மார்களுக்கு இது புதிதில்லை.

ஜோகனஸ்பர்க்கிலிருந்து வந்தவர்கள் இங்கிலீஷில் ஒரு பரீட்சை வைத்தார்கள். பெரியவருக்கு 40க்கு 11. அவர் தாளில் 'தகுதி போதாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அவருக்குக் கீழே இருந்த பையனுக்கு 38. சரி, அந்த வாரமே பையனை இராத்திரி ஷிஃப்டில் தனியாக விட்டோம். அவசரப்பட்டுக் காய்ச்சிவிட்டான். பெரிய சர்க்கரை மணிகளுக்கு நடுவே மாவு மாதிரி பொடிமணி கிளம்பிவிட்டது. அப்படியே இறக்கினால் சுழற்றும் மெஷினில் சல்லடை அடைத்துக்கொள்ளும். பெரியவர் வீட்டுக்கு ஃபோன் போட்டோம். பைஜாமாவோடு வந்தார், மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரலில் பாகைத் தொட்டார். "தண்ணி விடு. பொடி கரையட்டும், பெருசு நிக்கட்டும்" என்றார்.

விடிந்ததும் கேட்டேன்: "ஏன் தாத்தா, இதைப் பரீட்சையில் எழுதவில்லை?"

"அங்கே பாகு இல்லையே, தம்பி!"

மறுநாளே வகுப்பை ஹாலிலிருந்து கொப்பரைப் பக்கத்துக்கு மாற்றினேன். அரவை முடியும் வரை பையன் தாத்தாவின் முழங்கை உரச நின்றான். சித்திரமும் கைப்பழக்கம்!

இப்போது நான் வந்த காரியம். அந்தப் பழமொழியின் இரண்டாம் பாதியை நாம் மறந்துவிட்டோம். இந்த நாட்டு அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவில், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயர் இருக்கிறது. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறதா? பிள்ளைகள் தேவாரத்தை இங்கிலீஷ் எழுத்தில் பார்த்துப் பாடுகிறார்கள். குறை சொல்லவில்லை, 40 வயது வரை நானும் அப்படித்தான்.

சனிக்கிழமை வகுப்பு நம் கோயில் மண்டபத்தில் நடக்கிறது. பலகையில் 'அம்மா, ஆடு' என்று எழுதிக் காட்டுகிறோம். அங்கேயும் பாகு இல்லை! வகுப்பைச் சமையல்கட்டுக்கு மாற்றுங்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது பிள்ளைகளே கரண்டி பிடிக்கட்டும். 'உப்பு போதுமா, இன்னும் கொஞ்சம் ஊற்றவா' என்று அவர்களே கேட்கட்டும். தமிழ் பேசும் பாட்டிகள் ஐந்து பேர் வேண்டும், சான்றிதழ் தேவையில்லை. அவர்களுக்கு இரண்டு வாரப் பயிற்சியை நானே இலவசமாகக் கொடுக்கிறேன்.

தலைவர் மணியடித்துவிட்டார். மற்ற விஷயங்களைப் பந்தியில் சொல்கிறேன். பெயர் எழுதும் நோட்டு, வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன்.