டெர்மினேட்டர் ஏன் நிர்வாணமா வந்து இறங்குது?

[திரை: இரவு. லாஸ் ஏஞ்சலஸ். நீல மின்னல் வெட்டு.]

குரல்: 1984-ல வந்த ‘தி டெர்மினேட்டர்’ படத்தோட செலவு சுமார் 64 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்குல சில்லறை. கதைப்படி டெர்மினேட்டர்ங்கற கொலைகார ரோபோ 2029-ல இருந்து காலத்தைத் தாண்டி வருது. அந்தப் பயணத்துல உயிருள்ள உடம்பு மட்டும்தான் வர முடியும். துணி வராது, ஆயுதம் வராது. கதைக்கு இது விதி, கல்லாப்பெட்டிக்கு இது சேமிப்பு. டைம் மெஷின் செட்டே கிடையாது. ரோபோ மேல உயிருள்ள தோலைப் போர்த்தினதும் அதே கணக்குதான். முழு உலோக எலும்புக்கூடு தெரியறது கடைசிக் கட்டத்துலதான், அதுவரைக்கும் அர்னால்டோட முகம் போதும்.

[திரை: தீயில இருந்து எழும் எலும்புக்கூடு.]

குரல்: கிட்டக்க வர்ற ஷாட்டுக்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கலைஞர் ஸ்டான் வின்ஸ்டன் குழு செஞ்ச ஆள் உயர பொம்மை. முழு உடம்பும் நடக்கற ஷாட்டுக்குச் சின்ன பொம்மை, ஸ்டாப் மோஷன்: பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி ஒவ்வொரு படமா எடுக்கறது. சினிமாவுல நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 படம். 5 நொடி நடைக்கு 120 ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேம்லயும் பொம்மை அசையாம நிக்கறதால, நிஜ அசைவுல வர்ற மங்கல் இதுல வராது. நடை வெட்டி வெட்டித் தெரியும். ஆனா இந்த ரோபோ கால் உடைஞ்சு நொண்டுது பாருங்க! ரெண்டு பொம்மையோட நடையும் ஒட்டாத இடத்தை அந்த நொண்டல் மூடிடுது. கெட்டிக்கார வேலை.

[திரை: சிவப்புக் கண், குளோசப்.]

குரல்: கண்ணை நீங்களே செய்யலாம். சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போதும். 9 வோல்ட் பேட்டரியை நேரா கொடுத்தா கருகிடும். மிச்ச 7 வோல்ட்டைக் கரண்டைக் கட்டுப்படுத்தற ரெசிஸ்டர் தாங்கணும்: 20 மில்லிஆம்பியருக்கு 350 ஓம், கடையில 390 கேளுங்க. கண்ணுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா போடுங்க. ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒண்ணு போட்டா ஒரு கண் மங்கலாம். இருட்டுல எடுத்தா கண் நடுவுல வெளுத்துப் போகும், சிவப்பு ஓரத்துல மட்டும் நிக்கும். அப்போ 1 கிலோ ஓமுக்கு மாத்துங்க.

[திரை: மினியேச்சர் லாரி வெடிக்குது.]

குரல்: மினியேச்சரை, அதாவது சின்ன மாடலை, சாதாரண வேகத்துல எடுத்தா பொம்மைதான் தெரியும், ஏன்னா சின்னப் பொருள் சட்டுனு விழுந்துடும். மாடல் எத்தனை மடங்கு சின்னதோ, அதோட வர்க்கமூலத்தை 24-ஆல பெருக்குங்க, அதுதான் நொடிக்குக் கேமரா எடுக்க வேண்டிய ஃப்ரேம். ஆறுல ஒரு பங்குன்னா 59 ஃப்ரேம். பதினாறுல ஒரு பங்குன்னா 96. ஆனா தீக்கொழுந்து மாடலுக்குத் தகுந்த மாதிரி சுருங்காது. அதனால மாடலை முடிஞ்ச அளவு பெருசா செய்யுங்க, நிறைய புகை விடுங்க.

இன்னொரு வம்பு நம்ம ஊர் கரண்ட். 50 ஹெர்ட்ஸ், அதாவது டியூப் லைட், மலிவான எல்இடி பல்பெல்லாம் நொடிக்கு 100 தடவை துடிக்கும். 60 ஃப்ரேம்ல, ஷட்டரை (ஒரு ஃப்ரேமுக்குக் கேமரா திறந்திருக்கற நேரம்) 1/120 நொடியில வெச்சு எடுத்தா திரை படபடக்கும். நாலுல ஒரு பங்கு மாடல்னா கணக்கு 48-தான். கேமராவை 50-ல வெச்சு, ஷட்டரை 1/100-ல போட்டா துடிப்பு தெரியாது. அவ்வளவு பெரிய மாடலுக்கு இடமில்லையா? பேட்டரியில எரியற விளக்கு வாடகைக்கு எடுங்க. அதையும் ஒரு ஷாட் எடுத்துப் பார்த்துட்டு அப்புறம் பட்டாசைப் பத்த வைங்க.