வேர்வை குடிக்கிற கூட்டத்துக்கு உங்க கத்தரிப் பாத்தியில என்ன வேலை?

[காட்சி: கத்தரிப் பூ, மிகக் கிட்டத்தில். ஒலி மட்டும்: "ங்ஙீஈஈ…"]

இந்தச் சத்தத்த இன்னொருக்கா கேளுங்க. பறக்கிற சத்தமில்ல இது. சிறகு ரெண்டும் மடிஞ்சு கிடக்கு!

வேர்வைத் தேனீ எண்டா ஹாலிக்டிடே குடும்பம். அதுல சில சின்ன இனங்கள் உப்புக்காக வேர்வைய நக்க வரும். கச்சான் காத்து நேரம் உப்புவெளியில நிண்டீங்கண்டா நீங்கதான் சாப்பாட்டுக்கடை. ஊரிட பேரே உப்பு! இண்டைக்கு ஆள் அந்தக் குடும்பத்துப் பெரியவர், ஹோப்லோனோமியா வெஸ்ட்வூடி. இவரக் கையில தேடாதீங்க, கத்தரிப் பூவில தேடுங்க.

[காட்சி: வயிற்றுப் பட்டைகள், பக்கத்துப் பக்கமாக]

காலையில, வெயில் ஏற முன்னம் போங்க. நீலப்பட்டைத் தேனீ அமெஜில்லாவும் அதே பூவுக்கு வரும், ஆக்கள் ஏமாறுறது இங்கதான். நிறத்த நம்பாதீங்க. அமெஜில்லாட பட்டை மயிர், வயசு போகப் போக உதிரும். இவரிட பட்டை தோலிலேயே இருக்கு, பீங்கான் கோப்பை மாதிரி மொழுமொழு எண்டு மினுங்கும். போனுக்கு கிளிப் லென்ஸ் மாட்டி முதுகையும் பின்னங்காலையும் எடுங்க. பெட்டையிட காலில மகரந்தம் காஞ்ச தூளா ஒட்டியிருக்கும், பெட்டித் தேனீ மாதிரி ஈர உருண்டை இல்ல. ஆணுக்குத் தொடை புடைச்சிருக்கும். படத்தில இவ்வளவுதான் பிடிபடும். இனத்த உறுதியாச் சொல்ல நுணுக்குக்காட்டி வேணும்.

[காட்சி: மெதுவான ஓட்டத்தில் பூவைக் கவ்வும் தேனீ]

இப்ப எனக்குப் பிடிச்ச இடம். கத்தரியிட மகரந்தப் பை பக்கவாட்டில பிளக்காது. நுனியில ரெண்டு சின்னத் துவாரம் மட்டும். தேன் கிடையாது, தூளும் சும்மா கொட்டாது. இவர் பைய வாயால கவ்வி, உடம்ப வளைச்சு, பறக்கிற தசைய மட்டும் இயக்குவார். ஓட்டோவ நியூட்ரல்ல விட்டு அக்சிலேட்டர முறுக்கிப் பாருங்க: சில்லு உருளாது, ஆனா மீற்றர்ப் பெட்டியில இருந்து பின்சீற் வரைக்கும் நடுங்கும். அதேதான்! அந்த நடுக்கத்தில தூள் துவாரத்தால பீச்சியடிக்கும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கத்தரிக்கெண்டு தேன்பெட்டி வாங்கிக் காசக் கொட்டாதீங்க.

நம்பேல்லையா? பூவுக்குக் கீழ கறுப்புத் தாளப் பிடிங்க. பற்றரி டூத்பிரஷ்ஷப் போட்டு, அதிட முதுகால பூ நடுவில மகரந்தப் பையள் சேர்ந்து நிக்கிற மஞ்சள் கூம்பத் தொடுங்க. தாளில தூள் விழும். ஒண்டும் விழாட்டி, பூ பழசு, அல்லது இவர் முந்திட்டார்.

இவர் கூடு கட்டுறது மண்ணுக்குள்ள. வரப்போரம் கொஞ்சம் கொத்தாம, பொலித்தீன் விரிக்காம விடுங்க. காய்துளைப்பானுக்கு மருந்தடிக்கிறதெண்டா பொழுதுபட.

பூ உதிருதெண்டு கேக்கிறவங்க முதல்ல பூவத் திருப்பிப் பாருங்க. நடுவில இருக்கிற பச்சைச் சூல்தண்டு மஞ்சள் கூம்பத் தாண்டி நீண்டிருந்தா காய் பிடிக்கும். கூம்புக்குள்ளேயே குட்டையா நிண்டா அது பெரும்பாலும் உதிர்ற பூ. அதுக்குத் தேனீயத் திட்டாதீங்க.

நிலாவெளி, மூதூர், தம்பலகாமம் ஆக்கள், உங்க பாத்தியில எடுத்த பின்னங்கால் படத்தக் கீழ போடுங்க. முகம் வேணாம், கால் போதும்.