சந்தைக்கு வராத சமையல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுச் சமையலுக்குக் கைகொடுப்பது சந்தையா, வீட்டுத் தோட்டமா என்பது இன்றைய கேள்வி. தோட்டமே என்று சொல்ல எழுந்து நிற்கிறேன். எனக்கு முன் பேசிய சகோதரி அழகாகக் கணக்குப் போட்டார். தொட்டி, மண், உரம், விதை என்று செலவழித்து, ஒரு மாதம் காத்திருந்து ஒரு பிடிக் கீரை அறுப்பதைவிடத் தெருமுனையில் ஒரு கட்டு வாங்குவது மலிவு என்றார். ஒப்புக்கொள்கிறேன். மொட்டைமாடியில் பத்துத் தொட்டி வைத்து ஒரு குடும்பத்துக்கு வேண்டிய வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் விளைவித்துவிட முடியாது. ஆனால் சகோதரி கீரையின் விலையை எண்ணினாரே தவிர, அடுப்பில் ஏறாமலே போய்விட்ட பண்டங்களை எண்ணவில்லை.

சந்தைக்கு எது வரும்? பறித்த பிறகும் வாடாமல் தாங்குவது வரும். மூட்டையில் நசுங்காதது வரும். முருங்கைக்காய் கட்டுக் கட்டாய் வருகிறது. முருங்கைப் பூ வருகிறதா? பரங்கிக்காயைக் கீற்றுப் போட்டு விற்கிறார்கள். பரங்கிக் கொழுந்தையும் பூவையும் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். 1999-இல் தொடங்கிய உழவர் சந்தையை நான் மனமாரப் போற்றுகிறேன். விளைவித்தவர் கையிலிருந்தே வாங்குகிறோம். அங்கும்கூட இவையெல்லாம் அரிது.

பிரண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, இளந்தண்டாகப் பார்த்து ஒடித்து, கணுவை நீக்கி, நாரை உரிக்க வேண்டும். எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைக்க வேண்டும். வதக்கல் குறைந்தால் நாக்கு அரிக்கும். வேலியில் கொடி படர்ந்திருந்தவரை இந்தக் கைப்பக்குவம் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்துகொண்டிருந்தது. வேலி போய் மதில் எழுந்தது, துவையலும் போயிற்று. இது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது, நடுவர் அவர்களே.

என் தாயார் மாடியில் பீர்க்கன் வளர்க்கிறார். பீர்க்கம்பூ பகலில் விரியாது. வெயில் தாழ்ந்த பிறகுதான் மஞ்சளாய் மலரும். அந்த நேரத்துக்கு அவர் மேலே போவார். இதழ்களுக்குக் கீழே விரல் நுனி அளவுக்குப் பிஞ்சோடு இருந்தால் அது பெண்பூ. எங்கள் மூன்றாவது மாடிக்குப் பூச்சிகள் வருவது குறைவு. அதனால் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழை மடக்கி, மகரந்தத்தை அந்தப் பெண்பூவில் தாமே ஒற்றிவிடுவார். பத்து நாளில் காய் திரண்டுவிடும். முற்றுவதற்குள் பறிப்பார். சதை பாசிப்பருப்போடு கூட்டாகும். தோல் உளுத்தம்பருப்பு, மிளகாய், புளியோடு துவையலாகும். மருந்து அடித்திருப்பார்களோ என்ற அச்சம் இல்லாமல் தோலை அரைக்கிறோம். கடையில் வாங்கிய காய் என்றால் அதே தோலைச் சீவிக் குப்பையில் போடுகிறோம். ஒரே காய்தான். ஒரு வீட்டில் இரண்டு பண்டம், இன்னொரு வீட்டில் ஒன்று.

தண்ணீருக்கு எங்கே போவது என்றும் எதிரணியில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2019 கோடையில் சென்னை முழுவதும் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றதே, நாங்களும் நின்றோம். அந்தக் கோடையில் பாகலும் வெண்டையும் காய்ந்துபோயின. கறிவேப்பிலையும் கற்பூரவல்லியும் அரிசி களைந்த நீரிலேயே பிழைத்தன. புளித்த மோரையும் நீர் விளாவிக் கறிவேப்பிலைக்கே ஊற்றினோம். தாளிக்கும் எண்ணெய் காய்வதற்குள் ஓடிப்போய் ஓர் ஈர்க்குப் பறித்து வந்து போட்டால் எழும் மணம், நான்கு நாள் குளிர்பெட்டியில் கிடந்த இலையில் எழுவதில்லை.

ஆடி பிறக்க இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு பீர்க்கங்காயைப் பறிக்காமல் கொடியிலேயே காயவிட்டோம். குலுக்கினால் கலகலவென்றது. அதன் கறுப்பு விதைகளைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். வேண்டுபவர்கள் மேடையின் இடப்பக்கம் வந்து வாங்கிக்கொள்ளலாம். முதல் பொட்டலம் எதிரணிச் சகோதரிக்கு. நன்றி, வணக்கம்.