குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை ஏன் வருகிறது?

[காட்சி: கண்ணாடிக் குவளையில் குழாய்த் தண்ணீர் நிரம்புகிறது]

வணக்கம். குழாயைத் திறந்ததும் மெல்லிய மருந்து வாசனை வந்தால் பலரும் முகம் சுளிக்கிறோம். தண்ணீரில் எதையோ கலந்து கெடுத்துவிட்டார்கள் என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள். அந்த வாசனை ஒரு காவலின் அடையாளம். அந்தக் காவல் பலிக்க வேண்டுமானால், அதற்கு முன்பே சுத்திகரிப்பு நிலையத்தில் பல வேலைகள் சரியாக முடிந்திருக்க வேண்டும். அவற்றைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

[காட்சி: ஆற்றிலிருந்து நீர் எடுக்கும் இடம், கம்பி வலை]

ஆற்றிலோ ஏரியிலோ எடுக்கும் நீரில் வரும் இலை, குச்சி, பிளாஸ்டிக் எல்லாம் கம்பி வலையிலேயே நின்றுவிடும். தொல்லை தருவது கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத களிமண் துகள்கள்தான். அவை எல்லாவற்றின் மேற்பரப்பிலும் ஒரே வகை மின்னூட்டம், அதாவது எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் இருக்கிறது. அதனால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நீரிலேயே மிதக்கின்றன. நாள் கணக்கில் காத்திருந்தாலும் அடியில் படியாது.

இங்கேதான் படிகாரம் வருகிறது. அதிலுள்ள அலுமினியம் அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்கிறது. பசைபோன்ற அலுமினியம் ஹைட்ராக்சைடாக மாறித் துகள்களை ஒட்டவைக்கிறது. முதலில் சில நொடிகள் வேகமாகக் கலக்குவார்கள். பிறகு 20 முதல் 30 நிமிடம் வரை மிக மெதுவாகக் கிளறுவார்கள். வேகம் கூடினால் சேர்ந்த திரள்கள் உடைந்துபோகும்.

[காட்சி: வரிசையாக ஆறு கண்ணாடிக் குவளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கலக்கி]

எவ்வளவு படிகாரம் போடுவது? இதற்கு நிலையான அளவு எதுவும் கிடையாது. ஒரு மழை பெய்தால் ஆற்று நீரின் குணமே மாறிவிடும். அதனால் ஆய்வகத்தில் வரிசையாகக் குவளைகளில் ஒரே நீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரம் கலந்து, எதில் நீர் நன்றாகத் தெளிகிறது என்று பார்ப்பார்கள். இதற்கு ஜாடிச் சோதனை என்று பெயர். எளிய சோதனைதான், ஆனால் ஒரு நிலையம் எவ்வளவு அக்கறையோடு நடக்கிறது என்பதை அறிய, மழை நாளில் இந்தச் சோதனையைச் செய்கிறார்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

திரள்கள் படிவுத் தொட்டியில் சில மணி நேரத்தில் அடியில் இறங்கிவிடும். மேலே நிற்கும் தெளிந்த நீர் மணல் வடிகட்டிக்குப் போகும்.

[காட்சி: மணல் வடிகட்டியின் குறுக்குவெட்டு வரைபடம்]

மணல் வடிகட்டி சல்லடைபோல வேலை செய்கிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணலின் அளவு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை. பாக்டீரியாவோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மணல்களுக்கு இடையிலுள்ள சந்தில் அது தாராளமாக நுழைந்து போய்விடும். அதைப் பிடித்து நிறுத்துவது ஒட்டும் தன்மைதான். படிகாரம் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தால் துகள்களும் கிருமிகளும் மணலில் ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் எவ்வளவு நல்ல மணலாக இருந்தாலும் பயன் குறைவு.

மணலில் அழுக்கு சேரச் சேர, கீழிருந்து மேலாக நீரைச் செலுத்திக் கழுவுவார்கள். கழுவி முடித்தவுடன் வரும் முதல் நீர் சற்றுக் கலங்கலாக இருக்கும்; அதை ஊருக்கு அனுப்பாமல் வெளியேற்றுவதுதான் முறை.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குடிநீரில் கலந்து, சுமார் 4 லட்சம் பேர் வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். அந்த நாட்களில் ஒரு நிலையத்தில் வடிகட்டிய நீரின் கலங்கல் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது. இந்த ஒட்டுண்ணியைக் குடிநீரில் போடும் அளவு குளோரின் கொல்லாது. அதை வடிகட்டியே நீக்க வேண்டும், அல்லது புற ஊதாக் கதிரால் செயலிழக்கச் செய்ய வேண்டும்.

[காட்சி: குளோரின் கலக்கும் அறை, தடுப்புச் சுவர்கள் கொண்ட தொட்டி]

இனிக் குளோரின். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீரில் இதைத் தொடர்ந்து கலக்கத் தொடங்கினார்கள். குளோரின் போட்டவுடன் கிருமி சாகாது, நேரம் வேண்டும். காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 8க்குக் கீழே இருக்க வேண்டும், குறைந்தது 30 நிமிடம் கழித்தும் லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கலங்கல் நீரில் கிருமிகள் துகள்களுக்குள் ஒளிந்துகொள்ளும். சேறும் குளோரினைத் தின்றுவிடும். அதனால்தான் முன்பு சொன்ன வேலைகள் எல்லாம்.

குளோரின் இலைதழைக் கழிவுகளோடு சேர்ந்து டிரைஹாலோமீத்தேன் போன்ற வேண்டாத பொருள்களை உண்டாக்குவது உண்மை. அதற்குத் தீர்வு அந்தக் கழிவுகளை முன்கூட்டியே நீக்குவது. கிருமிநீக்கத்தைக் குறைத்தால் உடனடி ஆபத்துக்கு வழி திறந்துவிடும்.

[காட்சி: மண்ணுக்கடியில் குடிநீர்க் குழாயும் அருகே கழிவுநீர்க் குழாயும்]

நிலையத்தைவிட்டு வெளியேறிய பிறகும் நீர் பல கிலோமீட்டர் பயணிக்கிறது. விநியோகம் நின்றால் குழாயில் அழுத்தம் குறையும். அப்போது சின்ன விரிசல் இருந்தாலும் சுற்றியுள்ள மண்ணின் ஈரம் உள்ளே கசியும். அருகே கழிவுநீர் ஓடினால் அதுவும்தான். இந்த இடத்தில் காவல் நிற்பது எஞ்சிய குளோரின். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். ஒரு தெருவில் மட்டும் அது திடீரென்று காணாமல் போனால், அங்கே ஏதோ உள்ளே புகுந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஆனால் பெரிய கசிவைத் தனியாக எதிர்கொள்ள எஞ்சிய குளோரினுக்குப் பலம் போதாது.

உப்பு, புளோரைடு, நைட்ரேட் போன்றவற்றைக் குளோரின் நீக்காது. அவற்றுக்கான முறைகள் வேறு.

உங்கள் வீட்டுத் தண்ணீர் கலங்கலாக வந்தாலோ, அதில் சாக்கடை நாற்றம் அடித்தாலோ குடிக்காதீர்கள். நீர் வழங்கும் அலுவலகத்துக்கு உடனே தெரிவியுங்கள். வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால், தெளிய வைத்து வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறிய பிறகு பயன்படுத்துங்கள். கொதி கிரிப்டோஸ்போரிடியத்தையும் கொன்றுவிடும். புகார் சொல்லும்போது உங்கள் தெருவில் எஞ்சிய குளோரின் எவ்வளவு என்று அளக்கச் சொல்லிக் கேளுங்கள். நிலையத்தின் வாசலில் எடுத்த அளவு உங்கள் குழாயைப் பற்றி எதுவும் சொல்லாது.