மான்செஸ்டர் இசைக்குப் பீட் ஷெல்லி செய்தது என்ன?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மான்செஸ்டர் இசை என்றாலே எல்லோரும் இசைத்தட்டு நிறுவனம் நடத்திய டோனி வில்சன், ஜாய் டிவிஷன் குழு என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் பஸ்காக்ஸ் குழுவின் பீட் ஷெல்லியிடமிருந்து ஆரம்பிக்கிறீர்கள்?”

காரணம் இருக்கிறது. 1976 பிப்ரவரியில் ஷெல்லியும் நண்பர் ஹோவர்ட் டெவோட்டோவும் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் (எளிமையான, முரட்டுத்தனமான ராக் இசை) குழுவைப் பார்ப்பதற்காகவே லண்டன் பக்கம் போனார்கள். பார்த்துவிட்டு வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை; அந்தக் குழுவை மான்செஸ்டருக்கே வரவழைத்தார்கள். ஜூன் 4, லெஸ்ஸர் ஃப்ரீ டிரேடு ஹால். கூட்டம் என்று சொல்ல முடியாது, சில டஜன் பேர்தான். அதில் பீட்டர் ஹூக்கும் பெர்னார்ட் சம்னரும் இருந்தார்கள். பின்னாளில் ஜாய் டிவிஷனைத் தொடங்கியவர்கள் அவர்கள்தான். பிறகு ‘தி ஸ்மித்ஸ்’ குழுவின் பாடகரான மோரிஸியும் வந்திருந்தார்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1977 ஜனவரியில் வந்த பஸ்காக்ஸின் முதல் இசைத்தட்டு ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’. அன்றைக்கு இசைத்தட்டு போட வேண்டுமென்றால் லண்டன் கம்பெனிகளின் வாசலில் போய் நிற்க வேண்டும். இவர்கள் தெரிந்தவர்களிடம் 500 பவுண்டு கடன் வாங்கினார்கள். ஷெல்லியின் அப்பாவும் கொடுத்தார். தங்கள் சொந்த நிறுவனத்துக்கு ‘நியூ ஹார்மோன்ஸ்’ என்று தாங்களே பெயர் வைத்து 1,000 பிரதிகள் போட்டார்கள். அந்த உறையைப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது, அதன்மேல் எத்தனை தடவை சேர்த்து வாசித்தார்கள் என்பதுவரை அச்சிட்டிருப்பார்கள். ‘போர்டம்’ பாட்டில் ஷெல்லியின் கிட்டார் தனிவாசிப்பில் இரண்டே சுரங்கள், திரும்பத் திரும்ப. இதைக் கேட்கிற பையனுக்கு ‘நாமும் செய்யலாமே’ என்று தோன்றாமல் எப்படி இருக்கும்? பதிவைத் தயாரித்த மார்ட்டின் ஹானட்தான் பிறகு ஜாய் டிவிஷனின் இசைத்தட்டுகளையும் தயாரித்தார். டோனி வில்சனின் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் அவருடைய ஃபேக்டரி இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியது 1978இல்தான்.

குழுவின் பாடகராக இருந்த டெவோட்டோ சீக்கிரமே விலகிவிட, ஷெல்லியே பாட ஆரம்பித்தார். பங்க் என்றால் கோபம் மட்டும்தான் என்றிருந்த நேரத்தில், கைகூடாத காதலை மூன்று நிமிடத்துக்குள் பாடினார். 1978இல் வந்த ‘எவர் ஃபாலன் இன் லவ்’ பிரிட்டிஷ் பட்டியலில் 12ஆம் இடம்வரை ஏறியது. பாட்டில் வருவது ஆணா பெண்ணா என்று சொல்லாமலே எழுதுவார். யார் பாடினாலும் பொருந்த வேண்டும் என்ற அக்கறை அது. தன் இருபாலீர்ப்பை அவர் மறைத்ததும் இல்லை. 1981இல் அவர் தனியாக வெளியிட்ட, தன்பாலின உறவைக் குறிப்பிடும் ‘ஹோமோசேப்பியன்’ பாட்டை பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. அந்தக் காலத்தில் அதைப் பாடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!